ஏவறை வந்தால் சுகமா?

நடேசன் செத்துப்போனான்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கைதடியில் அவன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் கமராவைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரே மகள் லண்டனில். விசாப் பிரச்சினை. அப்பாவின் செத்தவீட்டை அவள் போனில்தான் பார்க்க வேண்டும்.

என்ன நடந்தது என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன்.

“வாய்வு தம்பி. நெஞ்சுக்கை அடைச்சுப்போட்டுது” என்றார்.

உள்ளே இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். கனடாவிலிருந்து போன் எடுத்த உறவினருக்கும் அதே பதில்தான் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் என்னவோ மாரடைப்பு என்று சொன்னாராம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சாவைப் பற்றி அதிகம் எழுதுகிறவன் இல்லை. பஸ் கொண்டக்டர், பல்லி, பக்கத்து வீட்டு லவுட்ஸ்பீக்கர்... என் எல்லை அவ்வளவுதான். இந்த வாரம் மன்னித்துக்கொள்ளுங்கள். மனம் சரியில்லை. சரியில்லாத மனத்தோடு பல்லியைப் பற்றி எழுத வரவில்லை.

நடேசனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் ஒரு வெள்ளை வான் வைத்திருந்தான். ஹயர் ஓடுவான். கலியாண ஹயர், கோயில் ஹயர், கட்டுநாயக்காவுக்கு வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்கும் ஹயர் எல்லாம் உண்டு. ஆனால் அவனுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள் கிளினிக்காரர்கள். பிரஷர், சீனி, நெஞ்சு நோ... விடியற்காலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவான். ஊரில் யாருக்காவது திடீரென்று நெஞ்சு நொந்தால், முதலில் கூப்பிடுவது டொக்டரை அல்ல, நடேசனைத்தான்.

“ஆளைப் பாத்தாலே எனக்கு விளங்கும் மச்சான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். “முகம் வெளிறி, சேட் நனைய வேர்த்துக் கிடந்தால் நான் ஒரு சந்தியிலையும் பிரேக் அடிக்க மாட்டன். நேரை விடுவன்.”

அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிழைத்தவர்கள் செத்தவீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு மூலையில் வரிசையாகக் கதிரையில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் அல்ல. செத்துக் கிடந்தவன் மேல்.

ஏனென்றால், அடுத்தவனுக்கு வந்தால் அது ஹார்ட் அட்டாக். தனக்கு வந்தால் — வாய்வு. இது என்ன கணக்கு?

சடங்கெல்லாம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு பின்னேரம், அவன் மனைவி புவனா எனக்கு நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி. நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறான். கை கழுவிக்கொண்டு வரும்போது நெஞ்சைத் தடவியிருக்கிறான்.

“ஆரோ நெஞ்சிலை ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு எண்டார் அண்ணை. பேந்து நாடி, தாடையெல்லாம் உளையுது எண்டார். நெத்தியெல்லாம் வேர்வை. நான் அம்புலன்ஸைக் கூப்பிடுவம் எண்டன். அதுக்கு என்னை ஏசினார்.”

“என்னெண்டு?”

“வாய்வுக்கு அம்புலன்ஸோ, ஊர் சிரிக்கும் எண்டார். வான் வச்சிருக்கிறவன்ரை வாசல்லை அம்புலன்ஸ் வந்து நிண்டால் என்ன கதைப்பாங்கள் எண்டார்.”

சரி, வான்தான் வாசலில் நின்றதே, அதில் போயிருக்கலாமே? யார் ஓட்டுவது? ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஓடினவனை ஏற்றிக்கொண்டு ஓட அந்த வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் சிரிக்கும்... மறுபடியும் அதே இடம்.

புவனா இரண்டு பல் உள்ளியை நெருப்பில் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அவன் அதை மென்று தின்றுவிட்டு, பிரிட்ஜில் இருந்த சோடாவை எடுத்துக் குடித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் ஏவறை வந்திருக்கிறது. மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஏப்பத்தை நாங்கள் ஏவறை என்போம். எங்கள் ஊர் வைத்தியத்தில் ஏவறை என்பது கடைசித் தீர்ப்பு. ஏவறை வந்துவிட்டால் வருத்தம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“நல்ல பெரிய ஏவறை அண்ணை. அவருக்குச் சந்தோசம். ‘பாத்தியே, போயிட்டுது, இனிச் சுகம்’ எண்டு சொல்லிப்போட்டு சாய்மனைக் கதிரையிலை சாய்ஞ்சார். ஒரு பிளேன்ரீ தா எண்டார். நான் ஊத்திக்கொண்டு வந்தன்.”

அதற்குள் அவன் போய்விட்டான்.

பிறகு புவனா எழுந்துபோய், சாமித்தட்டில் இருந்து ஒரு சின்னக் கபில நிறப் போத்தலை எடுத்துவந்து என் கையில் தந்தாள். உள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்தது கூடக் கிழிக்கப்படவில்லை.

சில மாதங்களுக்கு முன் வானுக்கு டயர் மாற்றும்போது அவனுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. புவனாவின் கரைச்சல் தாங்காமல் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிக் காட்டியிருக்கிறான். இளம் டொக்டர். நல்ல பிள்ளை. எங்கள் டொக்டர்மாரில் பலர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை, இவர் இருத்தி வைத்து விளக்கமே சொல்லியிருக்கிறார். தொடர்ந்து எடுக்க வேறு குளிசைகளும் எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தப் போத்தலைக் காட்டி, “நெஞ்சு நொந்தால் இருந்துகொண்டு இதிலை ஒண்டை நாக்குக்குக் கீழை வையுங்கோ. விழுங்கக் கூடாது. இது உடம்புக்குள்ளை ஒரு வாயுவைக் குடுக்கும். அந்த வாயுதான் ரத்தக் குழாயை விரிக்கிறது. அப்பவும் நோ நிக்கேல்லை எண்டால் உடனை ஆஸ்பத்திரிக்கு வந்திட வேணும்” என்றாராம்.

விளக்கம் சரி. ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் நடேசனுடைய காதில் விழுந்தது வேறு.

வீட்டுக்கு வந்து புவனாவிடம் சொல்லியிருக்கிறான்: “எனக்கு இருக்கிற வாய்வு காணாதெண்டு, உந்தத் தம்பி இன்னும் ஏத்தப் பாக்கிறார். வாய்வுக்காரனுக்கு வாய்வுக் குளிசையோ?”

வாயு. வாய்வு. ஓர் எழுத்துத்தான் கூட. முதலாவது பாடப் புத்தகத்தில் இருப்பது. இரண்டாவது எங்கள் வயிற்றில் இருப்பது. பலாப்பழம் வாய்வு, மரவள்ளிக் கிழங்கு வாய்வு, பருப்பு வாய்வு, பசி கிடந்தால் வாய்வு, வயிறு முட்டத் தின்றால் வாய்வு. முழங்கால் பிடித்தாலும் வாய்வு, முதுகு பிடித்தாலும் வாய்வு. இப்படி வாழ்நாள் முழுவதும் வாய்வோடு மல்லுக்கட்டும் ஒருவனிடம் போய், உனக்குள்ளே ஒரு வாயுவை விடப்போகிறேன் என்றால், அவன் என்ன செய்வான்? போத்தலைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு, பலாப்பழத்தை நிறுத்தினான்.

எனக்கு அந்தப் போத்தல் மனத்தை விட்டுப் போகவில்லை. உண்மையிலேயே அதற்குள் என்னதான் இருந்தது? உடுப்பிட்டியில் ஜெயம் இருக்கிறாள். எங்களோடு டியூசனில் படித்தவள், நடேசனையும் தெரியும். இருதய வைத்தியத்தில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறாள். ஜெயத்திடம் ஒரு விஷயம் கேட்டால் திட்டும் சேர்ந்தே கிடைக்கும். பரவாயில்லை என்று போனேன்.

“நீங்கள் எல்லாரும் நெஞ்சுக்கை வாய்வு இருக்கெண்டு சொல்லுறியள் தானே” என்று தொடங்கினாள். “இருக்குதுதான். ஆனா நீங்கள் சொல்லுற வாய்வு இல்லை.”

அவள் சொன்னதை எனக்கு விளங்கியமட்டில் எழுதுகிறேன். இரத்தக் குழாயின் உட்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓட ஓட, அந்தத் தோல் ஒரு வாயுவை உண்டாக்கும். பெயர் நைட்ரிக் ஆக்சைட். வாகனப் புகையில் வருகிறதே, அதுவேதான். அது குழாயின் சுவரில் இருக்கும் தசைக்குப் போய், இறுக்கிப் பிடிக்காதே, கொஞ்சம் தளர்ந்து கொடு என்று சொல்லும். தசை தளரும், குழாய் விரியும், இரத்தம் போகும். சொல்லிவிட்டு அந்த வாயு சில விநாடிகளிலேயே இல்லாமல் போய்விடும். மறுபடி சொல்ல வேண்டுமென்றால் மறுபடி உண்டாக்க வேண்டும். நாங்கள் பிறந்த நாள் முதல் இது நடந்துகொண்டிருக்கிறது.

“அது ஒண்டு மட்டும் இல்லை” என்றாள் ஜெயம். “கூழ்முட்டை நாத்தம் தெரியும் தானே, அந்த வாயுவும் உடம்புக்கை துளி அளவிலை உண்டாகுது. கதவு பூட்டின அறைக்கை ஜெனரேட்டர் போட்டால் ஆளைக் கொல்லுமே, அந்தக் கார்பன் மொனொக்சைட்டும் உண்டாகுது. மூண்டும் நஞ்சு. கூடினால் ஆள் முடிஞ்சுது. ஆனா உடம்பு அதுகளைத் துளித் துளியாச் செய்து, ஒரு இடத்திலை இருந்து மற்ற இடத்துக்குச் சேதி சொல்ல வச்சிருக்கு.”

“அப்ப நடேசனுக்கு?”

“சிகரட், சீனி, பிரஷர், எண்ணெய்ச் சாப்பாடு... உந்தத் தோல் பழுதாப் போகும். பழுதானால் வாயு உண்டாகிறது குறையும். குழாய் இறுகும், கொழுப்பு ஒட்டும். அவனுக்குச் சேதி சொல்ல ஆள் இல்லாமல் போச்சுது. அந்தக் குளிசை வெளியிலை இருந்து அதே வாயுவைக் குடுக்கிறது.”

வாய்வு கூடி அல்ல, வாயு குறைந்து செத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதுவிட்டேன். ஜெயம் திட்டாமல் இருந்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தக் குளிசையில் இருக்கிற அதே பொருளில் இருந்துதான் வெடிமருந்தும் செய்கிறார்களாம். இங்கே எங்கள் தலைமுறை வெடிமருந்துக்குப் பயந்து பங்கருக்குள் படுத்தது. நடேசனும் நானும் ஒரே பங்கருக்குள் படுத்திருக்கிறோம். அதற்கெல்லாம் தப்பினவன், உயிர் தருகிற அளவில் அது வந்தபோது வேண்டாம் என்றுவிட்டான்.

“குளிசையை வச்சிருந்தால் பிழைச்சிருப்பானோ?” என்று கேட்டேன்.

“சொல்ல ஏலாது” என்றாள். “அது கொஞ்சம் வழி விடும். அடைப்பை எடுக்கிறது ஆஸ்பத்திரி. நீர் பேப்பரிலை எழுதுறீர் தானே, குளிசையைப் பற்றி எழுதாதையும். நேரத்துக்கு வாகனத்திலை ஏறச் சொல்லி எழுதும்.”

சரி என்றேன். ஆனால் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நடேசனின் முகம்தான் வந்தது.

போன புதன்கிழமை அந்தியேட்டி, சாவுக்கு ஒரு மாதத்தில் செய்கிற காரியம். நடேசனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கீரிமலையில் காரியங்களைச் செய்தது அவனுடைய அண்ணன் இராசண்ணை. எழுபதை நெருங்குகிறவர். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெயிலில் நின்றவர். எல்லோரும் கைதடிக்குத் திரும்பி வந்து, பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் விறாந்தையில் இருந்தேன். எதிரே சாய்மனைக் கதிரையில் இராசண்ணை.

அவர் நெஞ்சைத் தடவினார்.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பார்த்தால், வெற்று மேல் எல்லாம் வேர்வை ஓடுகிறது. முகம் சாம்பல் பூத்த மாதிரி.

“என்ன அண்ணை செய்யுது?”

“ஒண்டும் இல்லைத் தம்பி. பசி கிடந்தது, வாய்வு குத்துது.”

அவ்வளவுதான். விறாந்தை முழுக்க வைத்தியர்கள். ஓம், ஓம், காலமை முழுக்கச் சாப்பிடேல்லை, பசி வாய்வுதான் என்றார் ஒருவர். ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் பந்தியில் இருந்து ஒரு சோடாப் போத்தலை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். தம்பி செத்த அதே வீடு. அதே சாய்மனைக் கதிரை. அதே சோடா. நான் போனை எடுத்தேன். அம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போய்விட்டதாம், அடுத்தது வரக் கொஞ்ச நேரம் செல்லும் என்றார்கள். ஜெயத்துக்கு எடுத்தேன்.

“வீட்டிலை நடேசன்ரை குளிசை கிடக்கு, குடுக்கவோ?” என்றேன்.

“ஒருத்தன்ரை குளிசையை மற்றவனுக்குக் குடாதையும். பிரஷர் இறங்கிக் கிடந்தால் ஆளை விழுத்திப்போடும். வான் நிக்குது தானே? ஏத்தும். யோசிச்சுக்கொண்டு நில்லாதையும்.”

ஏற்றுவதா? இராசண்ணை ஏற வேண்டுமே. நான் இது வாய்வு இல்லை அண்ணை, ஹார்ட் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உமக்கு விசரே? என்ரை உடம்பு எனக்குத் தெரியாதே?” என்றார்.

அப்போதுதான் புவனா உள்ளே இருந்து வந்தாள். நேரே வந்து, இராசண்ணையின் வாய்க்குக் கிட்டப் போன சோடாப் போத்தலை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

“ஓம் அத்தான், வாய்வுதான். ஆர் இல்லையெண்டது?” என்றாள். “ஆனா உந்த வாய்வுக்கு மருந்து பெரியாஸ்பத்திரியிலைதான் இருக்கு. எழும்புங்கோ.”

“அந்தியேட்டி வீட்டாலை ஆஸ்பத்திரிக்குப் போறதோ பிள்ளை? சனம் என்ன சொல்லும்?”

“சனம் சாப்பிட்டிட்டுப் போகும். நீங்கள் எழும்புங்கோ.”

வாய்வு இல்லை என்று வாதாடின நான் தோற்றேன். வாய்வுதான் என்று சொன்னவள் ஆளை எழுப்பிவிட்டாள். கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வானில் இருத்தினோம். சாவியைப் புவனா தந்தாள். ஒரு மாதமாக யாரும் எடுக்காத வான். முதல் தடவை ஸ்டார்ட் வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. நான் ஓட்டினேன். புவனா பின்னால் இராசண்ணைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

நாவற்குழிப் பாலம் வந்தது. வெயிலில் கடலேரிச் சேறு காய்ந்து, ஜெயம் சொன்ன கூழ்முட்டை நாற்றம் அடித்தது. அந்த நேரம் பின்னால் இருந்து ஒரு சத்தம்.

ஏவறை. நல்ல நீளமான ஏவறை.

“அப்பாடா” என்றார் இராசண்ணை. குரலில் தெம்பு வந்திருந்தது. “வந்திட்டுது. இப்ப சுகம். தம்பி, வானைத் திருப்பும். சனம் பாத்துக்கொண்டு நிக்கும்.”

பொய் சொல்ல மாட்டேன். என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அத்தனை வருடப் பழக்கம். ஜெயம் அவ்வளவு விளக்கிய பிறகும், ஏவறை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று என் உடம்பு நம்பியது.

“அவருக்கும் வந்தது, அத்தான்” என்றாள் புவனா.

சத்தமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நான் பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். நடேசன் சொன்ன மாதிரி நேரே விட்டேன்.

அடைப்புத்தான். நேரத்துக்கு வந்ததால் எடுக்க முடிந்தது என்றார்கள். இராசண்ணை இப்போது வார்ட்டில் எழுந்து இருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம், “பெரியாஸ்பத்திரியிலை வாய்வுக்கு நல்ல மருந்து குடுக்கினம்” என்கிறாராம். யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டாம் என்று ஜெயமும் சொல்லிவிட்டாள்.

அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருக்கும்போது, புவனா கேட்டாள்:

“ஊர் சிரிச்சால் சிரிச்சிட்டுப் போகட்டும் எண்டு அண்டைக்கும் நான் ஆரையாவது கூப்பிட்டிருக்கலாம் தானே, அண்ணை?”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்விதான் எதிரே இருக்கிறது. அவள் இனி உள்ள காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஏவறை வந்தால் சந்தோசப்படுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை — வானை மட்டும் திருப்பாதீர்கள்.